அலிபிரிப் படிகளில் ஒரு நோய்க்குறிப்பு

அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் நடைபாதையில் 3,550 படிகள் உள்ளன. தடாவில் விடியற்காலையில் ஸ்ரீசிட்டித் தொழிலாளர்களுக்கு இட்லி விற்கும் பெண்மணி ஒருவர், ஆண்டுதோறும் புரட்டாசியில் வரதய்யபாளையம், காளஹஸ்தி வழியாகத் திருப்பதிக்குப் பேருந்தில் வந்து, அந்தப் படிகள் ஒவ்வொன்றிலும் மஞ்சளும் குங்குமமும் இட்டபடியே ஏறுவார். மகளுக்குச் சிறுவயதில் கண்ட காய்ச்சல் தணிந்ததற்கான நேர்த்திக்கடன் அது. 2018-இல் அவருக்கு நாற்பது வயது. அவ்வாண்டு எங்கும் உட்காராமல் ஏறி முடித்தார். 2019-இல் இரண்டிடங்களில் உட்கார்ந்தார். 2020-இல் பெருந்தொற்றினால் செல்லவில்லை. 2021-இல் குனிந்து நிமிர்ந்தாலே மூச்சு வாங்கியதால் குங்குமச் சிமிழை மகளிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு ஏறினார். 2022-இல் காலி கோபுரம் வரையிலும் எட்டவில்லை. 2023-இல் இருநூறாவது படிக்கு முன்பே மயங்கி விழுந்தார்.

அந்த ஐந்தாண்டுகளில் அவரைப் பற்றி எழுதப்பட்ட மருத்துவக் குறிப்புகள் ஒரு துணிப்பை நிறைய இருந்தன. இந்தப் படிக்கணக்கு அவற்றுள் எதிலும் இல்லை. எவரும் கேட்கவில்லை, அவரும் கோயில் விஷயத்தை மருத்துவரிடம் ஏன் சொல்லவேண்டும் என்று இருந்துவிட்டார்.

துணிப்பையில் இருந்தவை வேறு. முதற்சீட்டு இரத்தசோகை என்றது, இரும்புச்சத்து மாத்திரை. அடுத்தது அடுப்புப் புகையினால் வந்த ஆஸ்துமா என்றது, உறிஞ்சு மருந்து. பெருந்தொற்றுக் காலத்தில் எடுத்த நெஞ்சு சி.டி. படத்தில் நுரையீரல் தெளிவாக இருக்கவே, இது மனப்பதற்றம் என்று ஒருவர் எழுதினார். அந்த சி.டி. படம் நிறமூட்டு மருந்து செலுத்தாமல் எடுக்கப்பட்டது. அத்தகைய படத்தில் நுரையீரலின் திசு தெரியும். அதன் தமனிகளுக்குள் அடைப்பு உண்டா என்பது தெரியாது. கேட்காத கேள்விக்கு வந்த விடையை எல்லாக் கேள்விக்கும் விடையாகக் கொண்டதுதான் அங்கே நேர்ந்த பிழை. ஆய்வுலகத்தினருக்கு இப்பிழை புதியதன்று. இதற்கிடையே 2022 ஏப்ரலில் ஆந்திரத்தின் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டு, நெல்லூர் மாவட்டத்திலிருந்த தடா திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. மருந்துச்சீட்டில் மாவட்டத்தின் பெயர் மாறியது. நோயின் பெயர் மாறவில்லை.

மயங்கி விழுந்தபின் அவருடைய அண்ணன் வற்புறுத்திச் சென்னைக்கு அழைத்துச் சென்றார். தடாவிலிருந்து சென்னை ஒன்றரை மணி நேரப் பயணம்தான். ஆரம்பாக்கத்தை எட்டினால் தமிழ்நாடு. ஆயினும் அட்டை, காப்பீடு, சலுகை யாவும் ஆந்திரத்தில் இருப்பதால் எல்லையோரத்தார் நோய் முற்றும்வரை அந்தப் பக்கம் போவதில்லை. அங்கிருந்த நுரையீரல் மருத்துவர் இளம்வயதினர். துணிப்பையைப் பிரிக்கவில்லை.

“மூச்சு வாங்குதுன்னு சொல்றீங்கம்மா. போன வருஷம் நிக்காம எவ்வளவு தூரம் நடப்பீங்க? அதுக்கு முந்தின வருஷம்?”

அப்போதுதான் அலிபிரிப் படிகள் வெளியே வந்தன. மருத்துவர் அவற்றை ஆண்டுவாரியாகக் குறித்துக்கொண்டார். ஆஸ்துமா நாளுக்கு நாள் கூடும், குறையும். மாரியில் ஒன்று, கோடையில் ஒன்று எனத் தோன்றும். இவருடைய கோடு ஒரே திசையில் இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த கேள்வி: “2018-க்கும் 2019-க்கும் நடுவுல என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணும் ஆவலீங்க மேடம். கர்ப்பப்பை எடுத்தாங்க, அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்று அவர் சொன்னதில் வியப்பில்லை. 2015-16 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் கருப்பை அகற்றப்பட்டோர் இந்திய அளவில் நூற்றுக்கு மூவர். ஆந்திரத்தில் ஏறக்குறைய ஒன்பதின்மர். மாநிலங்களில் அதுவே மிகுதி. தெருவுக்குத் தெரு நடந்த ஒன்றை எவரும் நோயின் வரலாறாக எண்ணுவதில்லை. மருத்துவர் தோண்டத் தோண்ட எஞ்சியவையும் வந்தன. அறுவை முடிந்த பத்தாம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கியது. நரம்பு பிடித்துக்கொண்டது என்று மாமியார் எண்ணெய் காய்ச்சித் தேய்த்தார். இரண்டு நாள் கழித்து ஒரு விடியலில் மார்பைக் குத்தியது, கண் இருண்டது. வாயு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் எழுந்து இட்லி ஊற்றத் தொடங்கிவிட்டார்.

கால் சிரையில் உறைந்த இரத்தக்கட்டி அறுந்து, மேலேறி, வலது இதயத்தின் வழியாக நுரையீரல் தமனியில் போய் அடைக்கும் என்பதை 1840-களில் நிறுவியவர் ஜெர்மானிய நோயியலறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ. அதற்கு முன் நுரையீரலில் காணும் கட்டி அங்கேயே உண்டானது என்று நம்பினர். இப்படி அடைத்த கட்டிகள் பெரும்பாலோரிடம் சில வாரங்களில் கரைந்துவிடுகின்றன. உடலே அவற்றைக் கரைக்கும் நொதிகளை வைத்திருக்கிறது. நூற்றுக்குச் சிலரிடம் மட்டும் கட்டி கரையாமல் நார்த்திசுவாக மாறித் தமனியின் உட்சுவரோடு ஒட்டி, அச்சுவரின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. சில கிளைகள் முழுதும் மூடிக்கொள்கின்றன. சிலவற்றுக்குள் ஒட்டடைபோலக் குறுக்கிழைகள் படர்கின்றன. செல்லவேண்டிய குருதி முழுவதும் மிஞ்சிய கிளைகளில் பாய்கிறது. அந்த மிகைப்பாய்ச்சலால் அடைப்பே இல்லாத சிறு தமனிகளும் தடித்துச் சுருங்குகின்றன. ஆகவே புதுக்கட்டி ஒன்றும் வராமலே நோய் முற்றுகிறது. நாட்பட்ட உறைகட்டியால் வரும் நுரையீரல் தமனி மிகையழுத்தம் என்று தமிழில் விரித்துச் சொல்லலாம். மருத்துவமனைகளில் சி.டி.இ.பி.எச். என்பார்கள்.

முதல் அடைப்புக்கும் மூச்சுத் திணறலுக்கும் இடையே மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ நோயாளி நலமாக உலவும் ஓர் இடைவெளி உண்டு. மருத்துவ நூல்கள் இதனைத் தேனிலவுக் காலம் என்கின்றன. பெயரிட்டவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கலாம். நோயாளியாக இருந்திருக்க வாய்ப்பில்லை. நோய் ஒளிந்துகொள்வது இந்த இடைவெளியில்தான். மேலைநாடுகளிலும் நிலைமை பெரிதும் மேலன்று. ஐரோப்பா, கனடா மருத்துவமையங்களின் 679 நோயாளிகளைக் கொண்ட பன்னாட்டுப் பதிவேட்டின் முடிவுகள் 2011-இல் வெளியாயின. அறிகுறி தொடங்கி நோய் அறியப்படும்வரை கடந்த காலத்தின் இடைநிலை அளவு 14 மாதங்கள். நால்வரில் ஒருவருக்கு நுரையீரலில் கட்டி அடைத்த வரலாறே தெரிந்திருக்கவில்லை. தடா பெண்மணி அந்த நான்காமவர்.

மருத்துவர் அவர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மூச்சை அடக்கச் சொன்னார். மூச்சு நின்றபின்னும் ஓர் ஊதல் ஒலி கேட்டது. குறுகிய தமனிக்குள் குருதி பீறிடும் ஒலி அது. இந்நோயினர் எல்லாரிடமும் அது கேட்காது. ஆனால் நுரையீரல் மிகையழுத்தத்தின் பிற வகைகளில் கேட்பது அரிது என்பதால், கேட்டுவிட்டால் பொருள் மிகுதி. அதற்குச் செலவு ஏதுமில்லை. ஒலியற்ற அறையும் அரை நிமிடப் பொறுமையும் வேண்டும். நம் புறநோயாளர் பிரிவுகளில் இவ்விரண்டும் சேர்ந்து கிடைப்பது அரிது.

எக்கோவில் இதயத்தின் வலது கீழறை பருத்திருந்தது. நடுச்சுவர் இடப்புறம் தள்ளப்பட்டு, வட்டமாக இருக்கவேண்டிய இடது கீழறை ஆங்கில எழுத்து டி போலத் தட்டையாகத் தெரிந்தது. துணிப்பையில் 2021-ஆம் ஆண்டு எக்கோ அறிக்கை ஒன்றும் இருந்தது. வலப்புற அழுத்தம் சற்று மிகுதி என்று அதன் கடைசி வரி சொல்லிற்று. அந்த வரிக்கு எவரும் காரணம் தேடவில்லை.

அடுத்து எடுத்தது காற்றோட்டத்தையும் குருதியோட்டத்தையும் ஒப்பிடும் வி.கியூ. ஸ்கேன். கதிரியக்க டெக்னீசியம் ஏற்றிய நுண்ணிய ஆல்புமின் துகள்களைச் சிரைவழி செலுத்தினால், குருதி செல்லும் இடங்களில் அவை தங்கி ஒளிரும். காற்று எங்கெங்கே போகிறது என்பதை உள்ளிழுத்த கதிரியக்கத் துகள்கள் காட்டும். ஆரோக்கிய நுரையீரலில் இரு படங்களும் ஒத்திருக்கும். இவருடைய காற்றுப்படம் முழுமையாக இருந்தது. குருதிப்படத்தில் ஆப்பு வடிவில் துண்டு துண்டாக இருள். காற்று போகிறது, அதை ஏந்திக்கொள்ளக் குருதி வரவில்லை. நீண்ட நாள் மிகையழுத்தத்துக்குக் கட்டிதான் காரணமா என்று அறிய வழிகாட்டு நெறிகள் முதலில் பரிந்துரைப்பது இச்சோதனையையே. இது இயல்பாக இருந்தால் அந்நோய் இல்லை என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். பழைய சோதனை. அணுமருத்துவப் பிரிவு உள்ள ஊர்களில் மட்டுமே கிடைப்பது. சி.டி.யின் பளிச்சிடும் படங்கள் வந்தபின் பலரும் இதை மறந்துபோனார்கள்.

உடனே முடிவு சொல்லவில்லை. உறைவெதிர்ப்பு மருந்தை மூன்று மாதம் தவறாமல் கொடுத்து, அதன்பிறகும் அடைப்பு நீடித்தால்தான் இந்நோய் என்று உறுதிசெய்வது முறை. புதுக்கட்டியாக இருந்தால் அதற்குள் கரைந்துவிடும். அவருக்கு வார்ஃபரின் தொடங்கப்பட்டது. அம்மருந்தின் பிறப்பிடம் அமெரிக்காவின் விஸ்கான்சின். கெட்டுப்போன இனிப்புக் குளோவர்த் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து மடிய, அதற்குக் காரணமான வேதிப்பொருளைக் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வுக்குழு பிரித்தெடுத்தது. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948-இல் எலிநஞ்சாகச் சந்தைக்கு வந்து, 1950-களில் மனிதர்க்கு மருந்தாயிற்று. கீரையிலுள்ள வைட்டமின் கே இம்மருந்தை முறிக்கும் என்பதால் கீரையையே விலக்கும்படி பலரும் சொல்வர். முருங்கைக்கீரை இல்லாமல் அவரால் சோறு உண்ண இயலாது. விலக்கவேண்டாம், வாரந்தோறும் ஒரே அளவாக உண்ணுங்கள், அதற்கேற்ப மாத்திரையைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். இரத்தம் உறையும் வேகத்தைச் சொல்லும் ஐ.என்.ஆர். என்ற எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்கவேண்டும். மகள் நாற்பது பக்க நோட்டில் அதனைத் தேதியிட்டு எழுதத் தொடங்கினாள்.

மூன்று மாதம் சென்றது. குருதிப்படத்தின் இருள் அப்படியே இருந்தது. கழுத்துச் சிரைவழி மெல்லிய குழாயைச் செலுத்தி வலது இதயத்தின் அழுத்தத்தை அளந்தனர். (இதயத்துக்குள் குழாய் செலுத்தலாம் என்பதை 1929-இல் வெர்னர் ஃபோர்ஸ்மான் தம் கைச்சிரையிலேயே செலுத்திக் காட்டினார், 1956-இல் இருவரோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.) நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் இயல்பில் 14 மி.மீ. பாதரசத்தை ஒட்டியிருக்கும். 25-ஐ எட்டினால் நோய் என்பது பல்லாண்டு வழக்கு. 2022 ஐரோப்பிய நெறிமுறை அந்த எல்லையை 20-க்கு மேல் என்று இறக்கியது. இவருக்கு 54.

அந்த எண்ணின் பொருளை மகள் இரவோடிரவாகக் கைப்பேசியில் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். சிகிச்சை அரிதாயிருந்த காலத்து ஆய்வு அது, 1982-இல் வெளியானது. சராசரி அழுத்தம் 50-ஐத் தாண்டியவர்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தோர் பத்தில் ஒருவர். அவள் அதைத் தாயிடம் சொல்லவில்லை. மாமனிடம் சொன்னாள். மாமன் மறுநாளே வரதய்யபாளையம் பக்கத்தில் தமக்கிருந்த மனையை விற்பதற்கு ஆள் பேசினார். ஸ்ரீசிட்டி வந்தபின் அப்பக்கத்து மண்ணுக்கு விலை ஏறியிருந்தது. காப்பீட்டு மேசையில் அமர்ந்திருந்தவருக்கு அறுவையின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லவேண்டியிருந்தது. அவர் கணினியில் நெடுநேரம் தேடினார். மனை விற்றது நல்லதாயிற்று.

நுரையீரல் மிகையழுத்தத்தின் வகைகளுள் கத்தியால் குணமாக்கக்கூடியது என்று துணிந்து சொல்லத்தக்கது இதுவொன்றே. சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1970-இல் இவ்வறுவையை முதன்முதல் செய்தவர் நீனா பிரான்வால்ட். திறந்த இதய அறுவை செய்த முதல் பெண்மணி அவர். 1960-இல் செயற்கை மைட்ரல் வால்வைப் பொருத்தியவரும் அவரே. நுரையீரல் மருத்துவர் கென்னத் மோசரும், பின்னர் அறுவையர் ஸ்டூவர்ட் ஜேமிசனும் அங்கே இதனைச் செம்மைப்படுத்தினர். இன்று அங்கு மட்டும் 4,000-க்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்துள்ளன. இந்தியாவில் பெங்களூரு நாராயணா உள்ளிட்ட சில மையங்களே இதனைத் தொடர்ந்து செய்துவருகின்றன. சிலவே இருப்பதற்குக் காரணம் உண்டு. இது கட்டியை உறிஞ்சி எடுக்கும் வேலையன்று. கட்டி ஒட்டிய உட்படலத்தையே, தமனிச் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே சரியான தளம் கண்டு, கிளைக்குள் கிளையாகப் பின்தொடர்ந்து உரித்து எடுக்கவேண்டும். ஆழமாகப் போனால் தமனி கிழியும். மேலோட்டமாகப் போனால் நோய் அப்படியே தங்கும். கை பழகுவதற்குப் பல நோயாளிகள் வேண்டும். நோயாளிகள் வருவதற்கு நோய் கண்டறியப்படவேண்டும்.

அறுவையர் அவரிடமும் கணவரிடமும் விளக்கியது ஏறக்குறைய ஒரு மணி நேரம். நெஞ்செலும்பைப் பிளந்து, இதய நுரையீரல் இயந்திரத்தில் இணைத்து, உடலை 20 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விப்பார்கள். இயந்திரம் ஓடும்போதும் மூச்சுக்கிளைத் தமனிகளிலிருந்து குருதி பின்வழியாகக் கசிந்து கண்ணை மறைக்கும். நூலிழைத் தளத்தில் வேலை செய்பவருக்கு ஒரு துளியும் கூடாது. ஆகவே இயந்திரத்தையும் நிறுத்திவிடுவார்கள். உடலில் எங்கும் குருதி ஓடாது. வலப்புறத்துக்கு 20 நிமிடம். மீண்டும் ஓடவிட்டு, பிறகு இடப்புறத்துக்கு 20 நிமிடம். குளிர்ந்த மூளை அதைப் பொறுத்துக்கொள்ளும்.

கணவர் தலைகுனிந்திருந்தார். அவர்தான் கேட்டார். “அந்த இருவது நிமிசம் நான் செத்துட்டுத்தானே சார் இருப்பேன்?”

“செத்தா திரும்பி வரமுடியாதும்மா. இது நிறுத்தி வைக்கிறது.”

அவர் சிறிது யோசித்தார். “மாவை வெளிய வெச்சா புளிச்சுப் பொங்கிடும். பிரிட்ஜில வெச்சா அப்படியே நிக்கும். அந்த மாதிரியா?”

அறுவையர் அதைவிட நல்ல விளக்கம் தம்மிடம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். உண்மையில் அது வெறும் உவமையன்று. வெப்பம் குறையக் குறைய உயிர்வேதி வினைகள் தளர்வதுதான் மாவிலும் மூளையிலும் நிகழ்வது. இறப்பு வாய்ப்பையும் அவர் மறைக்கவில்லை. பன்னாட்டுப் பதிவேட்டில் அறுவை செய்துகொண்டோரில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவர் மருத்துவமனையிலேயே இறந்திருந்தனர். தேர்ந்த மையங்களில் அதனினும் குறைவு. அறுவை இயலாதவர்களுக்கு மாற்று வழிகள் உண்டு. பலூனால் கிளை கிளையாக விரிப்பது ஒன்று. 2001-இல் பாஸ்டன் குழுவினர் அறிவித்ததை ஜப்பானியர் பின்னர் பாதுகாப்பாக மாற்றியமைத்தனர். 2013-இல் ஒப்புதல் பெற்ற ரியோசிகுவாட் மாத்திரை மற்றொன்று. ஆனால் இவருடைய அடைப்புகள் பெருங்கிளைகளிலேயே தொடங்கியிருந்தன. கத்திக்கு எட்டுமிடத்தில் இருக்கும் நோய்க்கு மாத்திரை கொடுத்துக் காலம் கடத்துவது முறையன்று என்றார் அறுவையர்.

2024 ஜூனில் அறுவை நடந்தது. காலை எட்டரைக்கு உள்ளே சென்றவரை மாலை ஆறரைக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தனர். எடுத்தவற்றை நீலத்துணி விரித்த தட்டில் அடுக்கி எடுத்த படத்தை மறுநாள் குடும்பத்தாரிடம் காட்டினர். மஞ்சள் கலந்த வெண்மையில், அடிமரமும் கிளையும் சுள்ளியுமாக, தமனியின் அச்சாகவே அது இருந்தது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் வண்டல் அரித்து வேர் தெரிய நிற்கும் செடியைப் போலிருந்தது என்றார் அண்ணன். ஐந்தாண்டுகளுக்கு முன் வாயு என்று ஊசி போட்டு அனுப்பிய விடியல் அது.

இரண்டாம் நாள் நுரையீரலில் நீர் கோத்தது. நெடுநாள் குருதி காணாத பகுதிகளில் திடீரெனப் பாய்வதால் வரும் வீக்கம் அது. இந்த அறுவைக்கே உரிய அச்சம். செயற்கைச் சுவாசம் ஆறு நாள் நீண்டது. அண்ணனும் மகளும் மருத்துவமனை வராந்தாவில் முறைவைத்து உறங்கினர். கணவர் உறங்கியதை எவரும் பார்க்கவில்லை. ஏழாம் நாள் குழாயை எடுத்தபோது அவர் தொண்டை கரகரக்கக் கேட்ட முதற்கேள்வி, கடை திறந்திருக்கிறதா என்பது. திறக்கவில்லை என்றதும் கோபம் வந்தது.

மூன்று மாதம் கழித்து அளந்தபோது சராசரி அழுத்தம் 23. அறுவைக்கு முன் ஆறு நிமிடத்தில் 210 மீட்டர் நடந்தவர் 430 மீட்டர் நடந்தார். இயல்பு எல்லைக்கு மேல் மூன்று எண் இன்னும் மிச்சமிருந்தது. அதற்கு மருந்து வேண்டாம், பார்த்துக்கொள்வோம் என்றனர். வார்ஃபரின் மட்டும் வாழ்நாள் முழுதும். மாதம் ஒருமுறை சூளூர்பேட்டையில் இரத்தம் கொடுக்கிறார். நோட்டு இரண்டாவதாகிவிட்டது.

இருபத்தைந்தாண்டுப் பழைய உரலை விற்றுவிட்டு மின்சார ஆட்டுக்கல் வாங்கியிருக்கிறார்கள். கனமான பாத்திரங்களைத் தூக்குவது கணவரின் வேலை. கையில் கத்தி பட்டால் இரத்தம் நிற்க நேரமாகும் என்பதால் காய் நறுக்குவதும் அவருடையதாயிற்று. அவர் நறுக்கும் வெங்காயத்தின் பருமனைப் பற்றி நாள்தோறும் ஒரு சச்சரவு உண்டு.

2025 புரட்டாசியில் மூவரும் அலிபிரிக்குச் சென்றனர். மருத்துவர் அளவோடு ஏறலாம் என்றிருந்தார். குங்குமச் சிமிழை மகளிடமிருந்து வாங்கிக்கொண்டு நூற்றைம்பது படிகளுக்குக் குனிந்து குனிந்து இட்டார். மூச்சு வாங்கியது, நின்றதும் தணிந்தது. மேலே ஏறிவிடலாம் போலிருக்கிறது என்றார். மகள் மணி பார்த்தாள். ஆறு மணி மாத்திரையைப் படியில் அமர்ந்தே விழுங்கிவிட்டு, இறங்கிவந்து மலைப்பேருந்தில் ஏறினார்கள்.